மலிவு ஓபிடி ஸ்கேனர்: நீண்ட நாள் உபயோகத்தில் தெரிந்தவை

2013 ஏப்ரலுக்குப் பின் இந்தியாவில் தயாரான பெட்ரோல் கார் என்றால் ஸ்டியரிங்குக்குக் கீழே ஓபிடி எனப்படும், இன்ஜின் கோளாறுகளைப் படிக்க உதவும் 16 பின் சாக்கெட் இருக்கும். அதில் செருகும் புளூடூத் ஸ்கேனர் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. செக் இன்ஜின் லைட்டை அணைக்கத்தான் பலரும் வாங்குகிறார்கள். அது வீண். லைட்டை அணைக்க எரர் கோடை (கோளாறு எண்ணை) அழித்தால், கோளாறு வந்த நொடியின் வேகம், வெப்பம், லோடு என்று ஈ.சி.யு. (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) பதிந்து வைத்திருந்ததும் சேர்ந்து போய்விடும். கோளாறு மட்டும் அப்படியே இருக்கும். அழிக்கும் முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள்.

இன்ஜின் ஓடும்போதே சென்சர்களின் எண்களைக் காட்டும் லைவ் டேட்டாதான் காசுக்கு மதிப்பு. அதில் முதலில் பார்க்க வேண்டியது லாங் டெர்ம் ஃபியூயல் ட்ரிம். கணக்குப்படி ஊற்ற வேண்டிய பெட்ரோலைவிட எத்தனை சதவீதம் கூட்டி அல்லது குறைத்து ஈ.சி.யு. சமாளிக்கிறது என்பதே அந்த எண். கூட்டல், கழித்தல் 5-க்குள் இருந்தால் நிம்மதி. 10-ஐத் தாண்டினால் லைட் எரியாவிட்டாலும் தேட வேண்டும். இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோலுக்கு மாறிய பிறகு, பழைய இ10 (10 சதவீத எத்தனால்) கார்களில் இது 4 சதவீதம் போல ஏறுவது இயல்பு. எத்தனால் எரிய காற்று குறைவாகப் போதும் என்பதால், அதே காற்றுக்குக் கூடுதல் எரிபொருள் வேண்டும்.

பி0171 என்ற கோடு வந்ததும், புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சரை மாற்றச் சொல்லும் ஒர்க்‌ஷாப்கள் நிறைய. கலவையில் பெட்ரோல் குறைவு என்பதைத் தாண்டி அந்தக் கோடு எதுவும் சொல்வதில்லை; சென்சர் பெரும்பாலும் சேதி சொன்ன ஆள்தான். உள்ளே போகும் காற்றை அளக்கும் ஏர் ஃப்ளோ சென்சர் உள்ள காரில் ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது) ட்ரிம் 15, 2,500 ஆர்.பி.எம்மில் 4 என்று இறங்கினால் வேக்குவம் ஹோஸிலோ கேஸ்கெட்டிலோ லீக். லோடு ஏற ஏற ட்ரிம்மும் ஏறினால் ஃபியூயல் பம்ப், ஃபில்டர், அல்லது அழுக்கான ஏர் ஃப்ளோ சென்சர். நம் ஊர்ச் சின்னக் கார்கள் பலவற்றில் ஏர் ஃப்ளோ சென்சரே கிடையாது, மேனிஃபோல்டு (காற்று உள்ளே போகும் குழாய்) அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சர்தான். அங்கே லீக் இருந்தால் மேனிஃபோல்டு அழுத்தம் கூடும், ஈ.சி.யு. அதைப் பார்த்துத் தானே பெட்ரோலைக் கூட்டிவிடும். ட்ரிம் பெரிதாக அசையாது, ஐடில்தான் ஏறும். மேப் சென்சரைச் சோதிப்பது சுலபம்: இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்தால் சென்னையில் சுமார் 100 கிலோபாஸ்கல், ஊட்டியில் 77 காட்ட வேண்டும்.

கோடே வராத கோளாறுதான் பெரிய தலைவலி. இன்ஜின் வெப்பத்தைச் சொல்லும் கூலன்ட் சென்சரின் மின்தடை 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம், 90 டிகிரியில் ஏறக்குறைய 240 ஓம். கனெக்டரில் பச்சை பூத்து 100 ஓம் கூடிவிட்டால் காலையில் ஒரு டிகிரிதான் வித்தியாசம், யாரும் கவனிக்க மாட்டார்கள். சூடான பிறகோ 90 என்பது 78 ஆகத் தெரியும். ஈ.சி.யு. அதை அப்படியே நம்பும். ரேடியேட்டர் ஃபேன் தாமதமாகச் சுழலும். 78 என்பது நம்பக்கூடிய எண் என்பதால் லைட்டும் எரியாது. திறந்தபடி மாட்டிக்கொண்ட தெர்மோஸ்டாட்டும் குறைவாகத்தான் காட்டும். ஆனால் அது ஹைவேயில் இறங்கி டிராஃபிக்கில் ஏறும். கனெக்டர் கோளாறு என்றால் இரண்டு இடத்திலும் குறைவுதான். சென்சரை வாங்கும் முன் பின்களைக் கான்டாக்ட் கிளீனரால் கழுவிப் பாருங்கள்.

குறைகளும் உண்டு. ஒரே நேரத்தில் பத்து அளவீடுகளைத் திறந்தால் எண்கள் இழுத்துக்கொண்டு வரும். மூன்று, நான்கோடு நிறுத்துங்கள். ஏ.பி.எஸ்., ஏர்பேக் பக்கம் பெரும்பாலும் எட்டிப் பார்க்காது. த்ராட்டில் பாடி சுத்தம் செய்த பின் ஐடில் ரீலேர்ன் (ஐடில் வேகத்தை ஈ.சி.யு.வுக்கு மறுபடி பழக்குவது) செய்ய கம்பெனி ஸ்கேனரே கேட்கும் கார்கள் இருக்கின்றன. 2.1 வெர்ஷன் என்று விற்கும் மலிவு நகல் ஸ்கேனர்கள் பலவற்றில் கட்டளைகள் பாதி இருக்காது. ஐபோன் வைத்திருப்பவர்கள் சாதாரண புளூடூத் மாடலை வாங்காமல் வைஃபை மாடலைப் பாருங்கள். 16-ஆவது பின்னில் பேட்டரி கரன்ட் எப்போதும் இருக்கும். ஒரு வாரம் வண்டியை எடுக்கப்போவதில்லை என்றால் ஸ்கேனரைக் கழற்றிவிடுங்கள்.