உப்புவெளி வீடும் சீரியல் பெட்டிகளும்: எது எங்கே பொருந்தும்?

திருகோணமலைப் பக்கம், எங்கள் உப்புவெளி வீட்டில் சோலார் இன்வேர்ட்டர் முன்விறாந்தைச் சுவரில் இருக்கிறது. கிணற்று மோட்டருக்குப் போட்ட மின்மீற்றர் பின்வளவில், வீட்டிலிருந்து 35 மீற்றர் தள்ளி. இவற்றையெல்லாம் கவனிக்கும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருள் ஓடும் சின்னக் கணினியோ நடு அறை அலுமாரிக்கு மேலே. இன்வேர்ட்டரும் மீற்றரும் ஆர்எஸ்-485 என்ற சீரியல் வயரில், அதாவது பிட்களை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் வயரில், மோட்பஸ் ஆர்டியூ பேசுகின்றன. 1979இல் மோடிகான் நிறுவனம் தொழிற்சாலைகளுக்கென்று கொண்டுவந்த பாஷை அது. இன்று கூரைச் சோலார் வைத்த எங்கள் வீட்டிலும் அதுதான் புழங்குகிறது. அந்த வயரை வீட்டு வலையமைப்போடு இணைக்கும் சின்னக் கருவிகளைத்தான் சீரியல் பெட்டிகள் என்கிறேன்.

முதலில் வலையமைப்பே வேண்டாம், நேரே வயர் இழுப்போம் என்றுதான் தொடங்கினேன். அது தப்பான யோசனை இல்லை. மெதுவான வேகத்தில் ஆர்எஸ்-485 சுமார் 1200 மீற்றர் வரை போகும். 35 மீற்றர் அதற்கு ஒரு தூரமே இல்லை. பிவிசி குழாய்க்குள் ஒரு முறுக்குச் சோடி வயரைப் போட்டு, இரண்டு முனையிலும் 120 ஓம் தடையை வைத்து, கணினியில் ஒரு யூஎஸ்பி மாற்றியைச் செருகினேன். ஏழு மாதம் குறையில்லாமல் ஓடியது. ஐப்பசியில் ஒரு பின்னேரம் இடி இடித்தது. வீட்டில் விழவில்லை, எங்கேயோ பக்கத்தில்தான். யூஎஸ்பி மாற்றி செத்துவிட்டது. வழக்கமான ஆர்எஸ்-485 சிப் வேலை செய்யும்போது தன் நிலத்திலிருந்து −7 முதல் +12 வோல்ட் வரைதான் தாக்குப்பிடிக்கும் என்பதை அதற்குப் பிறகுதான் வாசித்தேன். கிணற்றடி நிலமும் வீட்டு நிலமும் இடிநேரத்தில் அவ்வளவு ஒற்றுமையாக இருப்பதில்லை. இரு பக்கத்தையும் மின்சாரம் தாண்டாமல் பிரித்துவைக்கும், மின்தனிமை உள்ள மாற்றி வாங்கியிருந்தால் தப்பியிருக்கலாம். ஈதர்நெட் (வலையமைப்புக் கேபிள்) துளைக்குள்ளோ 1500 வோல்ட்டுக்குப் பரிசோதித்த சின்ன மின்மாற்றிகள் ஏற்கெனவே இருக்கின்றன. கிணற்றடி வரை ஈதர்நெட்டாகப் போய் அங்கே சீரியலாக மாறுவோம் என்ற எண்ணம் அப்படித்தான் வந்தது.

பெட்டிகளை ஒப்பிடுவதற்கு முன்னால் ஒரு விஷயம். மோட்பஸ் ஆர்டியூ பதிலில் எந்தக் கேள்விக்கான பதில் என்ற குறிப்பே கிடையாது. கருவியின் எண், செயல் எண், தரவு, இரண்டு பைட் சரிபார்ப்பு, அவ்வளவுதான். ஒரு வாக்கியம் எங்கே முடிகிறது என்பதையும் மௌனம்தான் சொல்கிறது: மூன்றரை எழுத்து நேரம், செக்கனுக்கு 9600 பிட் வேகத்தில் ஏறத்தாழ 4 மில்லிசெக்கன். ஒரே வயரில் இருக்கும்வரை இது போதும். நடுவில் வலையமைப்பு வந்ததும், பிந்தி வந்த பதிலை அடுத்த கேள்விக்கான பதில் என்று கணினி எடுத்துக்கொள்ளும் ஆபத்து வருகிறது. எங்கள் வீட்டில் ஒருநாள் மின்னழுத்தம் 3 வோல்ட் என்று காட்டியது. அது மோட்டரின் அம்பியர். அன்றிலிருந்து எந்தப் பெட்டியைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது, கேள்வியையும் பதிலையும் சோடி சேர்ப்பது யார் என்றுதான்.

அந்த 3 வோல்ட்டைக் காட்டியது, நான் அடுத்ததாக வாங்கிய வைஃபை பெட்டி. எல்ஃபின் ஈடபிள்யூ11 வகை, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. வாங்கியதற்குக் காரணம் சோம்பல்தான், கேபிளுக்கு மறுபடி மண் தோண்ட வேண்டாமே! சமிக்ஞை நன்றாக இருக்கும்போது குறை சொல்ல முடியாது. மாரியில் நனைந்த தென்னைக்கும் கொங்கிரீட் சுவருக்கும் அப்பால் சமிக்ஞை மெலிந்தால் பதில்கள் பிந்தும். அரை நிமிடத்துக்கு ஒருமுறை ஓர் எண்ணை வாசிப்பதென்றால் பரவாயில்லை. மோட்டரை நிறுத்தும் முடிவை அதை நம்பி எடுக்க மாட்டேன்.

ஈதர்நெட் பெட்டிகள்தான் இதில் ஆழமான பகுதி. வேவ்ஷேர், யூஎஸ்ஆர் போன்றவை மலிவு. மொக்ஸாவின் என்போர்ட் வரிசை பல மடங்கு விலை. தொழிற்சாலைக்காரருக்கு அது பெறும், எனக்கு மனம் வரவில்லை. மலிவுப் பெட்டிகளில் பலவும் இரண்டு விதமாக வேலை செய்யும். ஒன்று வெறும் குழாய்: வந்த பைட்டை அப்படியே மறுபக்கம் தள்ளும். மற்றது மோட்பஸ் கேட்வே: டிசிபி, அதாவது வலையமைப்புப் பக்கத்தில் ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு பைட் அடையாள எண் இருக்கும். பெட்டி அதை நினைவில் வைத்து, சீரியல் பக்கம் தானே கேட்டு, பதிலில் அதே எண்ணை ஒட்டித் திருப்பி அனுப்பும். சோடி சேர்க்கும் வேலை வயருக்குப் பக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. இரண்டு மென்பொருள்கள் ஒரே நேரத்தில் கேட்டாலும் கேட்வே வரிசையில் நிற்க வைக்கும். குழாயில் இரண்டும் மோதிக்கொள்ளும்.

பலர் தடுக்கி விழும் இடமும் இதுதான். பெட்டி குழாயாக இருந்தால் ஹோம் அசிஸ்டன்டில் ‘ஆர்டியூ ஓவர் டிசிபி’ என்று போட வேண்டும். கேட்வேயாக இருந்தால் வெறும் ‘டிசிபி’. மாற்றிப் போட்டால் பிழை என்று தெளிவாக எதுவும் வராது, பதில்தான் வராது. நான் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை இதில் தொலைத்தேன். இன்னொன்று வேகம்: ஈஸ்ட்ரன் எஸ்டிஎம்120 மீற்றர் புதிதாக வரும்போதே 2400 வேகத்தில் இருக்கும். 9600 பேசும் கருவியோடு ஒரே வயரில் கோர்க்க வேண்டுமானால் முதலில் அதை மாற்றுங்கள்.

ராஸ்பெரி பை என்ற சின்னக் கணினியில் சேர்டுநெட் (சீரியலை வலையமைப்பில் ஏற்றும் மென்பொருள்) ஓடவிடுவது வலையமைப்பு வழிகளில் மூன்றாவது. பிடியில் எல்லாம் இருப்பதை விரும்புகிறவர்களுக்கு இது சொர்க்கம். தூரத்திலிருந்தே வேகத்தையும் டிடிஆர், ஆர்டிஎஸ் என்ற கட்டுப்பாட்டுக் கம்பிகளையும் மாற்ற 1997இல் வந்த ஆர்எஃப்சி 2217 விதிமுறையும் இதில் உண்டு. மோட்பஸுக்கு அது தேவையில்லை. கருவியின் உள்மென்பொருளை மாற்றும்போதுதான் கைகொடுக்கும். குறைகள்? யூஎஸ்பி மாற்றிகளின் பெயர் மறுதொடக்கத்தில் இடம் மாறும். மாற்றியின் அடையாளத்தை வைத்து அமையும், மாறாத பை-ஐடி பாதையைக் கொடுக்கலாம், ஆனால் மாற்றிகளில் வழக்கமான சிஎச்340 சிப்பில் தனி எண் இல்லாததால் இரண்டைச் செருகினால் அதுவும் குழம்பும். பிறகு கரண்ட். 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டிய காலத்தை இங்கே யாரும் மறக்கவில்லை. திடீரென்று கரண்ட் போகும் ஊரில், எஸ்டி கார்டில் ஓடும் ஒரு கணினியைக் கிணற்றடியில் வைப்பதற்கு எனக்குத் துணிவில்லை.

கரண்ட் கட் இன்னொரு குழப்பத்தையும் தரும். கணினி பற்றரி இல்லாமல் அணைந்து, பெட்டி மட்டும் இன்வேர்ட்டர் கரண்டில் தொடர்ந்து ஓடினால், பழைய இணைப்பு உயிரோடு இருப்பதாகப் பெட்டி நினைக்கும். கணினி திரும்ப வந்து கதவைத் தட்டினால் ‘ஆள் உள்ளே இருக்கு’ என்று திறக்காது. கீப்-அலைவ் நேரத்தை, அதாவது மறுபக்கம் உயிரோடு இருக்கிறதா என்று பெட்டி சோதிக்கும் இடைவெளியை, குறைத்து வையுங்கள். சேர்டுநெட்டில் பழைய ஆளை வெளியேற்றிவிட்டுப் புதியவரை ஏற்கும் அமைப்பே இருக்கிறது.

இப்போது கிணற்றடியில் இருப்பது நான்காவது வழி: டபிள்யூடி32-ஈடிஎச்01 பலகை. ஈஎஸ்பி32 சிப்பும் ஈதர்நெட் துளையும் சேர்ந்தது. இஎஸ்பிஹோம் என்ற மென்பொருளைப் போட்டால் பலகையே மீற்றரிடம் கேட்டு, பதிலைப் புரிந்துகொண்டு, முடிவை மட்டும் மறைகுறியாக்கி அனுப்பும். சீரியலின் நேரக்கணக்கு வலையமைப்பைத் தொடுவதே இல்லை. கணினி அணைந்திருந்தாலும் ‘தண்ணீர் இல்லாமல் மோட்டர் ஓடுது, நிறுத்து’ என்ற முடிவைப் பலகையே எடுக்கும். இதற்குக் கொடுக்கும் விலை கை நோவுதான். ஆர்எஸ்-485 வயரோடு பேச, சந்தையில் எளிதாகக் கிடைக்கும் மாக்ஸ்485 சிப் 5 வோல்ட்டுக்கானது, ஈஎஸ்பி32இன் கால்கள் 3.3 வோல்ட். மாக்ஸ்3485 வாங்குங்கள். உறையையும் நீங்களே பார்க்க வேண்டும்: எங்கள் பக்கத்து உப்புக்காற்றில் முதல் மாரி முடிவதற்குள் திருகுமுனைச் செம்பில் பச்சைக் களிம்பு ஏறிவிட்டது. இப்போது ரப்பர் வளையம் உள்ள பெட்டி, வயர் நுழையும் வாய் கீழ்ப்பக்கம்.

முன்விறாந்தை இன்வேர்ட்டருக்கு மட்டும் கேட்வே பெட்டியே இருக்கிறது. ரவுட்டர் அதே சுவரில். அங்கே நான்காவது வழியின் வேலைச்சுமை வீண்.

ஒரு சின்ன எச்சரிக்கை, ஜிக்பீ (வயரில்லாத வீட்டுக் கருவிகள் பேசும் முறை) குச்சியைக் கணினியில் வைத்திருப்பவர்களுக்கு. அதையும் இப்படி வலையமைப்பில் ஏற்றலாம். எஸ்எல்இசட்பி-06 போன்ற ஈதர்நெட் கருவிகள் அதற்கென்றே வருகின்றன. வைஃபை மேல் மட்டும் ஏற்றாதீர்கள். ஜிக்பீ2எம்க்யூடிடி மென்பொருளின் ஆவணமே அதை வேண்டாம் என்கிறது. எந்த வழியானாலும், குழாய் வகைப் பெட்டிகளுக்குக் கடவுச்சொல் இல்லாத திறந்த போர்ட்தான் வழக்கம். ரவுட்டரில் வெளியே திறந்து விட்டுவிடாதீர்கள்.

உவர்மலையில் இருக்கும் நண்பன் போன கிழமை கேட்டான்: “மச்சான், எனக்கு எது?” அவனிடம் இன்வேர்ட்டர் ஒன்றுதான், ரவுட்டருக்குப் பக்கத்தில். கேட்வே பெட்டி ஒன்று வாங்கு, மோட்பஸ் பயன்முறையை மறக்காமல் தெரிவு செய் என்றேன். “அப்ப மேல் தண்ணித்தாங்கிக்கு?” என்றான். அதற்கு ஒரு மிதவைச் சுவிட்ச் போதும், சீரியலே வேண்டாம் என்றேன். அவனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.