சென்னை–தூத்துக்குடி விமானம்: டிக்கெட்டில் உள்ள ஒன்றரை மணி நேரம்

2025 ஜூலையில் தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளத்தில் புது முனையம் திறந்ததிலிருந்து சொந்தக்காரர்கள் மாற்றி மாற்றிக் கேட்கிறார்கள். போன வாரம் சித்தி மகன் கேட்டான்: "அண்ணே, ஊருக்கு ஃப்ளைட்ல போயிரலாமா? ஒன்றரை மணி நேரந்தான போட்டிருக்கு?"

அந்த ஒன்றரை மணி நேரம்தான் எனக்கு ஆகாது. மீனம்பாக்கத்திலிருந்து வாகைக்குளத்துக்கு வானத்தில் நேர்கோடு போட்டால் சுமார் 530 கிலோமீட்டர். இந்தத் தடத்தில் ஓடும் ஏடிஆர், அதாவது காற்றாடி வைத்த சின்ன விமானம், மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். பறப்பதற்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். மிச்சமெல்லாம் ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, இறங்கியதும் நிறுத்துமிடம் போய்ச் சேர்வது. இதையாவது டிக்கெட்டில் கணக்கு வைக்கிறார்கள். நம் கணக்கு அங்கே கிடையாது. பெட்டி போடும் கவுண்டரை ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். அம்பத்தூரிலிருந்து கிளம்புகிறவன் அதற்கும் ஒன்றரை மணி நேரம் முன்பே வீட்டைப் பூட்ட வேண்டும். அந்தப் பக்கம் பெட்டிக்காக நின்று, டாக்சி பிடித்து ஊருக்குள் போக இன்னும் முக்கால் மணி. எல்லாம் ஒழுங்காக நடந்தாலே ஐந்து மணி நேரம் போய்விடும்.

ஒழுங்காக நடக்காத மாலைகளும் உண்டு. அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று, வீட்டை விட்டுக் கிளம்பிய பிறகுதான் தாமதம் என்று குறுஞ்செய்தி வந்தது. அதை ஒரு மணி நேரம் முன்னால் அனுப்பியிருந்தால் ரயிலைப் பிடித்திருப்பேன். அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.

ஆனால் பறக்கிற அந்த ஒரு மணி நேரத்தைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஏடிஆருக்கு இறக்கை மேலே இருக்கிறது. கீழே பார்ப்பதை அது மறைக்காது. பெரிய விமானங்களைவிடத் தாழ்வாகவே பறக்கும். நேர்கோடு ஏறக்குறைய தஞ்சாவூருக்கு மேலே போகிறது. மேகம் இல்லாத காலையில் கொள்ளிடத்தின் மணல் தெரியும். அப்புறம் புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்துக் கண்மாய்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை நல்லபடியாகப் பெய்திருந்தால் ஒவ்வொன்றும் வெயிலில் மின்னும். எந்தக் கண்மாய் நிறைந்திருக்கிறது, எது காய்ந்து கிடக்கிறது என்று பார்த்துக்கொண்டே வருவேன். நம் முன்னோர் மழைத்தண்ணீரை எப்படித் தேக்கி வைத்தார்கள் என்பது மேலே இருந்து பார்த்தபோதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

காலை விமானம் என்றால் போகும்போது வலப்பக்க ஜன்னல் கேளுங்கள், வெயில் முகத்தில் அடிக்காது. முன்வரிசைகளில் காற்றாடிச் சத்தம் அதிகம். கதவு பின்னால் இருப்பதால் கடைசி வரிசைக்காரர்தான் முதலில் இறங்குவார். தலைக்கு மேலே சாமான் வைக்கிற தட்டு சின்னது, பெரிய கைப்பெட்டி நுழையாது.

வாகைக்குளம் ஓடுபாதையை மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீட்டிவிட்டார்கள், இனி ஏர்பஸ் மாதிரி பெரிய ஜெட் விமானமும் இறங்கலாம். பறக்கிற நேரத்தில் சில நிமிடம் குறையும், அவ்வளவுதான். அம்பத்தூரிலிருந்து மீனம்பாக்கம் போகிற நேரம் அப்படியே இருக்கும்.

சித்தி மகனுக்கு நான் சொன்னது: முத்துநகர் எக்ஸ்பிரஸில் படுக்கை கிடைத்தால் அதிலேயே போ. சாயங்காலம் ஏறிப் படுத்தால் காலையில் ஊர். அவசரம் என்றால் மட்டும் விமானம், அதுவும் காலை விமானம். எனக்கு மார்கழிக்கு ஏற்கெனவே விமானத்தில்தான் டிக்கெட் போட்டிருக்கிறேன், வலப்பக்க ஜன்னல்.