‘4 கேஜ்’ வயரிங் கிட்: தராசில் வைத்தால் தெரிந்துவிடும்

மதுரையில் கார் ஆடியோ கடையில் ஆம்ப்ளிஃபயர் கேட்டால், கூடவே ஒரு பிளாஸ்டிக் உறையையும் எடுத்து மேஜையில் போடுவார்கள். உள்ளே பேட்டரியிலிருந்து ஆம்புக்குப் போகச் சுண்டுவிரல் பருமனில் சிவப்பு வயர் ஐந்து மீட்டர், ஆம்பிலிருந்து கார் பாடிக்கு (எர்த்) கறுப்பு வயர் ஒரு மீட்டர், கண்ணாடி ஃபியூஸ், ஆம்பை ஆன் செய்யும் நீல நிற ரிமோட் வயர், பாட்டு சிக்னலைக் கொண்டுவரும் ஆர்.சி.ஏ. கேபிள், ஸ்பீக்கர் வயர், வயர் முனையில் மாட்டும் நாலைந்து லக். மேலே ‘4 கேஜ்’, ‘2500 வாட்’ என்று கொட்டை எழுத்து. பெயர் கடைக்குக் கடை மாறும், சரக்கு பெரும்பாலும் ஒரே மாதிரிதான். இந்த விமர்சனம் அந்தப் பெயரில்லாத உறையைப் பற்றியது.

4 கேஜ் என்றால் செம்பின் குறுக்குவெட்டு 21 சதுர மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அளக்கக் கருவி வேண்டாம். ஒரு மீட்டர் வயரின் தோலை உரித்து, உள்ளே உள்ள கம்பியை மட்டும் பலசரக்குக் கடைத் தராசில் வையுங்கள். முழுச் செம்பு என்றால் 190 கிராமை ஒட்டி நிற்கும். செம்பு முலாம் பூசிய அலுமினியம் என்றால் அதே பருமனுக்கு 70 கிராம்தான். அதையும்விடக் குறைந்தால் கம்பியே ஒல்லி, தோல்தான் தடிமன். ரப்பரை ஊதிப் பெருக்கி ‘4 கேஜ்’ ஆக்கியிருக்கிறார்கள். தராசு இல்லையா? ஒற்றை இழையை பிளேடால் சுரண்டுங்கள். மேலே சிவப்பு, உள்ளே வெள்ளை என்றால் அலுமினியம். மேலே வெள்ளையாகவும் உள்ளே சிவப்பாகவும் இருந்தால் அது வெள்ளீயம் பூசிய செம்பு, பயப்பட வேண்டாம்.

முலாம் பூசிய அலுமினியத்தின் மின்தடை செம்பைவிட ஏறக்குறைய 1.6 மடங்கு. 1000 வாட் ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தரும் சக்தி) கிளாஸ் டி ரக ஆம்ப், 80 சதவீதத் திறனில் 1250 வாட் இழுக்கும், 13.8 வோல்ட்டில் 90 ஆம்பியர். நேர்மையான 21 சதுர மி.மீ. செம்பில் ஐந்து மீட்டருக்கு 0.37 வோல்ட் விழும். அதே அளவு அலுமினியத்தில் 0.6. உள்ளே 10 சதுர மி.மீ. அலுமினியம்தான் இருக்கிறது என்றால் 1.25 வோல்ட் வழியிலேயே போய்விடும். பேட்டரியில் 13.8 இருந்தாலும் டிக்கியில் இருக்கும் ஆம்புக்கு 12.5தான் வந்து சேரும். பேஸ் சப்பென்று இருக்கும், ஆம்ப் ‘ப்ரொடெக்ட்’ விளக்கைப் போட்டு நின்றுவிடும். சத்தம் போதவில்லையே என்று ஆம்பின் கெய்னை (சிக்னலைப் பெருக்கும் அளவை) திருகிக் கூட்டினால் சிக்னல் வெட்டுப்பட்டு சப்ஊஃபர் காயில் கருகும். பழி ஸ்பீக்கர் மேல் விழும்.

ஃபியூஸ் இதைவிட மோசம். கண்ணாடிக் குழாய் ஃபியூஸ் இரண்டு பித்தளைத் தொப்பிகளின் அழுத்தத்தில் மட்டும் நிற்கிறது. மேலூர் ரோட்டிலோ உசிலம்பட்டி ரோட்டிலோ சில மாதம் ஓடினால் பிடி தளரும். தளர்ந்த இடம் சுடும், ஃபியூஸ் போகாமலே ஹோல்டர் உருகும். 60 ஆம்பியருக்கு மேல் திருகாணியால் இறுக்கும் ஏ.என்.எல். ஃபியூஸ்தான் சரி. அதைப் பேட்டரி பாசிட்டிவிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் வைக்க வேண்டும். அது காப்பாற்றுவது ஆம்பை அல்ல, வயரை. எஞ்சின் அறையிலிருந்து வயர் உள்ளே நுழையும் தகரத் துளையில் ரப்பர் குரோமெட் (துளை விளிம்பை மூடும் வளையம்) இல்லாமல் விட்டால், தகர விளிம்பு தோலை அறுத்து நேரே பாடியில் தொடும். ஃபியூஸ் டிக்கியில் இருந்தால் அப்போது தடுக்க ஒன்றுமே இருக்காது.

கிட்டில் மற்றவை பரவாயில்லை. ரிமோட் வயரும் ஸ்பீக்கர் வயரும் வேலைக்கு ஆகும். ஆர்.சி.ஏ. கேபிளைப் பவர் வயர் போகும் பக்கமே ஓட்டாமல் எதிர்ப்பக்கம் ஓட்டினால் ஆல்டர்னேட்டர் (எஞ்சின் சுற்றும்போது மின்சாரம் தரும் கருவி) இரைச்சல் பெரும்பாலும் வராது. லக்குகளைத் தூக்கிப் போடுங்கள்.

அப்படியானால் சிவப்பு வயருக்கு மாற்று? வெல்டிங் சாமான் விற்கும் கடைகளில் மீட்டர் கணக்கில் கிடைக்கும் 25 சதுர மி.மீ. செம்பு வெல்டிங் கேபிள். வெல்டிங் கேபிளிலும் அலுமினியம் உண்டு, அதனால் ‘காப்பர்’ என்று அழுத்திக் கேளுங்கள். தோல் ஹெச்.ஓ.எஃப்.ஆர். ரகமாக இருக்கட்டும், பானெட்டுக்குள் இருக்கும் சூட்டையும் எண்ணெயையும் தாங்கும். ஐந்து மீட்டரில் 90 ஆம்பியருக்கு 0.35 வோல்ட்தான் விழும். கறுப்புக் கேபிளும் அதே பருமனில் இருக்க வேண்டும், நீளம் அரை மீட்டரைத் தாண்ட வேண்டாம். டிக்கித் தரையில் பெயின்ட்டை வெள்ளை இரும்பு தெரியும்வரை சுரண்டி, பல் வாஷர் போட்டு போல்ட்டில் இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். சீட் பெல்ட் போல்ட்டில் மட்டும் கை வைக்காதீர்கள். செம்பு லக்கை ஹைட்ராலிக் கிரிம்பரில் அழுத்த வேண்டும். சுத்தியலால் தட்டி நசுக்கினால் உள்ளே காற்று நிற்கும், அந்த இடம் சுடும்.

இனி கடைக்காரர் அடுத்து நீட்டும் பொருள்: ஒரு ஃபாரட் கெபாசிட்டர், கொஞ்சம் மின்சாரத்தைச் சேமித்து உடனே கொடுக்கும், நீல விளக்கில் வோல்ட் காட்டும் டப்பா. ஹெட்லைட் மங்குகிறது என்று சொன்ன உடனே இதைத்தான் எடுப்பார்கள். 14 வோல்ட்டிலிருந்து 12க்கு இறங்கும்போது அது கொடுக்கும் சக்தி 26 ஜூல். 1000 வாட் கேட்கும் ஆம்புக்கு அது நொடியின் நாற்பதில் ஒரு பங்குக்குக் காணும். உறுமி அடி ஒன்று முழுசாக முடிவதற்குள் காலி. பிறகு நிரப்பிக்கொள்ளவும் அதே ஆல்டர்னேட்டரிடம்தான் வர வேண்டும். அதோடு, ஹெட்லைட்டுக்குப் போகும் வயர் வேறு, ஆம்புக்குப் போகும் வயர் வேறு. ஆம்ப் வயர் ஒல்லியாக இருப்பதால் மட்டும் ஹெட்லைட் மங்காது. மங்குகிறது என்றால் பேட்டரி முனையிலேயே வோல்ட் விழுகிறது. அது வேறு நோய்.

எந்த நோய் என்று பார்க்க ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். எஞ்சினை நிமிடத்துக்கு 1500 சுற்றில் வைத்து, ஏசி, ஹெட்லைட் போட்டு, பேஸ் அதிகமுள்ள பாட்டை வழக்கமான சத்தத்தில் ஓட விடுங்கள். பேட்டரி முனையில் ஒருமுறை, ஆம்ப் முனையில் ஒருமுறை அளவு எடுங்கள். இரண்டுக்கும் இடையே அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வயர், லக், எர்த் மூன்றில் ஒன்றில் கோளாறு. இரண்டுமே சேர்ந்து 12.6க்குக் கீழே இறங்கினால் ஆல்டர்னேட்டருக்கு முடியவில்லை. எந்த கெபாசிட்டரும் அதை மாற்றாது.

சிறிய கார்களின் ஆல்டர்னேட்டர் பொதுவாக 60 முதல் 90 ஆம்பியர், அதுவும் எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது. கார் நின்றபடி எஞ்சின் மெதுவாகச் சுற்றும் ஐடிலில் பாதியை ஒட்டித்தான் வரும். சித்திரை வெயிலில் கோரிப்பாளையம் சிக்னலில் நிற்கும் காரில் ஏசி புளோயர், ரேடியேட்டர் ஃபேன், ஃபியூயல் பம்ப், ஹெட்லைட் எல்லாம் சேர்ந்து 35, 40 ஆம்பியரைத் தின்றுவிடும். பாட்டுக்கு மிச்சம் ஒன்றும் இராது, பேட்டரிதான் கொடுக்கும். ஊருக்குள்ளேயே ஓடும் கார் என்றால் கொடுத்ததைத் திரும்பப் பெறவே நேரம் கிடைக்காது. கிடா வெட்டுக்குப் போன இடத்தில் எஞ்சினை அணைத்து டிக்கியைத் திறந்து பாட்டுப் போடுகிறவர்கள் இன்னும் கவனிக்க வேண்டும்: சராசரி 30 ஆம்பியர் இழுத்தால் 35 ஏ.ஹெச். (ஆம்பியர்-மணி) பேட்டரி அரை மணி நேரத்தில் செல்ஃப் எடுக்காமல் படுத்துவிடலாம்.

ஆல்டர்னேட்டரை ரீவைண்டிங் செய்து ஆம்பியர் ஏற்றித் தருவதாகச் சொல்லும் பட்டறைகள் உண்டு. டயோடு பிளேட்டும் ரெகுலேட்டரும் பழையதாகவே இருந்தால் கூடுதல் கரண்டின் சூட்டில் அவைதான் முதலில் போகும். அதற்கு முன் மலிவான வேலை ஒன்று: எஞ்சினிலிருந்து பாடிக்கும், பேட்டரி நெகட்டிவிலிருந்து பாடிக்கும் அதே 25 சதுர மி.மீ. கேபிளைக் கூடுதலாகப் போடுவது, ஆல்டர்னேட்டர் பாசிட்டிவிலிருந்து பேட்டரிக்கு ஃபியூஸோடு இன்னொன்று. பழைய காரில் கம்பெனி எர்த் பட்டை துருப்பிடித்திருந்தால் மங்கல் இதிலேயே குறையும். 500 வாட்டுக்குள் நிற்கும் ஆம்புக்குப் பெரும்பாலும் வேறு எதுவும் தேவைப்படாது.

பேட்டரி நெகட்டிவ் முனையில் கரண்டை அளக்கும் சின்ன சென்ஸார் டப்பா பொருத்திய புதிய கார்களில், கேபிளை அந்த முனையில் நேரடியாக மாட்டக் கூடாது. சென்ஸாரைத் தாண்டி பாடியில் மாட்டுங்கள். இல்லாவிட்டால் ஆம்ப் இழுக்கும் கரண்ட் கணக்கில் வராமல், பேட்டரி நிறைந்திருக்கிறது என்று நினைத்து கம்ப்யூட்டர் சார்ஜைக் குறைத்துவிடும்.