போகோனோ மலையில் எந்த நீர்ப்பூங்கா விடுதி?

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து போகோனோ மலைப்பகுதியில் வெளியே பனி கொட்டினாலும், உள்ளே நீச்சலுடையில் திரியலாம். அதற்கென்றே அங்கே இருக்கும் பெரிய விடுதிகளில் இரண்டைப் பார்ப்போம். இரண்டிலும் அறை வாடகையிலேயே நீர்ப்பூங்கா அனுமதி அடக்கம்.

கிரேட் வுல்ஃப் லாட்ஜ் 2005-இல் வந்தது. உள்ளே எப்போதும் 29 டிகிரி செல்சியஸ் வெதுவெதுப்பு. மரக்கோட்டையின் உச்சியிலிருந்து 1,000 கேலன் வாளி ஒன்று திடீரெனக் கவிழும். ஐந்து வயதுக் குழந்தையை அந்த இடத்தைவிட்டு நகர்த்தவே முடியாது. அப்புறம், மந்திரக்கோலை வீசியபடி விடுதிக்குள் சுற்றித் தேடும் விளையாட்டு. கோலுக்குத் தனிக்காசு, பர்ஸ் பத்திரம்!

இன்னொரு விடுதி, 2015-இல் திறந்த கலஹாரி. அதன் உள்ளரங்கப் பூங்கா இப்போது சுமார் 2,20,000 சதுர அடி. செயற்கை அலையில் பலகைமேல் சறுக்கும் ஃப்ளோரைடரும் உண்டு. பதின்வயதுப் பிள்ளைகள் என்றால் யோசிக்காமல் இதுதான். கைக்குழந்தையோடு போனால், நடந்தே கால் ஓய்ந்துவிடும்.