சுந்தர் நர்சரி: துணையை இழந்தவர்கள் தனியாகப் போய்வர ஓர் இடம்

டெல்லியில் இருக்கும் சுந்தர் நர்சரி என்ற பூங்காவுக்குப் பிக்னிக் போகிறவர்கள் நிறைய எழுதிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் போன பிறகு, வெளியே ஒரு இரண்டு மணி நேரம் யாரும் எதுவும் கேட்காமல் இருக்க முடிந்த இடம் இது, என்னைப் போல இருக்கிறவர்களுக்காக நானும் எழுதுகிறேன்.

கோயிலுக்குப் போ என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். ஆர்.கே.புரம் மலை மந்திருக்குப் போனால் பாதிப் பேர் தெரிந்த முகம், முருகனைப் பார்ப்பதற்குள் நாலு பேரிடம் "எப்படி ஆச்சு, முன்னாடியே தெரியலையா"வுக்கு முதலிலிருந்து பதில் சொல்லியாக வேண்டும். அன்பில்தான் கேட்கிறார்கள். ஆனால் பேங்க், குடும்ப பென்ஷன், இறப்புச் சான்றிதழ் நகல் என்று ஒவ்வொரு கவுண்டரிலும் அதையே சொல்லிவிட்டு வந்தவளுக்கு மறுபடி சொல்லத் தெம்பு இருக்காது.

சுந்தர் நர்சரி நிஜாமுதீனில் ஹுமாயூன் கல்லறைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஜே.எல்.என். ஸ்டேடியம் மெட்ரோவில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம். உள்ளே போக டிக்கெட் உண்டு. புது டெல்லியைக் கட்டியபோது எந்த மரம் இந்த மண்ணுக்கு ஒத்துவரும் என்று வளர்த்துப் பார்ப்பதற்காக வெள்ளைக்காரர்கள் போட்ட நாற்றங்கால் இது. ஆகா கான் அறக்கட்டளை சீர்செய்து 2018-இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். சுமார் 90 ஏக்கர், 300 வகைக்கு மேல் மரங்கள். டெல்லியின் பாறைமேடு, ஆற்றங்கரை, வண்டல், சதுப்பு என்று ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய செடிகொடிகளைத் தனித்தனியாக வளர்த்திருக்கிறார்கள், பெரும்பாலோர் நடுவில் இருக்கும் நீரோடைப் பக்கமே நின்றுவிடுவதால் அந்தப் பகுதிகளில் கூட்டம் குறைவு.

மாசிக் கடைசியில் போனால் இலவமரம் ஒரு இலைகூட இல்லாமல் சிவப்பாகப் பூத்து நிற்கும். பூ விழும்போது 'தொப்'பென்று சத்தம் கேட்கும், அவ்வளவு கனம். ஒன்றை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தேன். தோல் மாதிரி தடித்த ஐந்து இதழ், நடுவில் கொத்துக் கொத்தாகக் கேசரம், அதற்குள் ஒரு எறும்பு அவசரமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. இனிமேல் பூ வைக்கலாமா கூடாதா என்று ஊரில் என் காதுபடவே பேசினார்கள், எனக்கு இன்னும் ஆறவில்லை. இங்கே ஒரு பூவைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாலும் திரும்பிப் பார்க்க ஆளில்லை. பங்குனியில் வேம்பு இலையை மொத்தமாக உதிர்த்துக் கொட்டும், அப்புறம் சில நாட்களிலேயே செம்பழுப்பாகத் துளிர்க்கும். அதைப் பார்த்து மனசு தேறிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன், எனக்குத் தேறவில்லை. ஆனால் பார்ப்பதற்கு ஒன்று இருந்தது, நாளைக்கு எப்படி இருக்கும் என்று ஒரு எண்ணம் வந்தது, அந்தச் சமயத்தில் எனக்கு அதுவே பெரிசு.

அவருக்கு எங்கே போனாலும் போர்டுகளை உரக்கப் படிக்கும் பழக்கம், கூட நடக்கிற எனக்கு எரிச்சலாக வரும். இங்கே மரங்களின் பெயர்ப் பலகைகளை இப்போது நான் வாய்விட்டுப் படித்துக்கொண்டு நடக்கிறேன்.

அழுகை வந்தால் சுந்தர் புர்ஜ் உள்ளே போய்விடுங்கள். பதினாறாம் நூற்றாண்டுக் கல்லறை மண்டபம், மேற்கூரையில் நட்சத்திரக் கோலமாகச் சுதை வேலை, அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறவளின் முகத்தை யாரும் கவனிப்பதில்லை.

வாரநாள் காலையில் போங்கள். ஞாயிற்றுக்கிழமையும் குளிர்கால மதியமும் ஜோடி ஜோடியாக, குடும்பம் குடும்பமாகப் பாய் விரித்து உட்கார்ந்திருப்பார்கள், முதல் வருஷத்தில் அது தாங்காது. கொஞ்ச காலம் கழிந்தவர்கள் சித்திரை, வைகாசியில் சரக்கொன்றை பூக்கும்போது அவசியம் போக வேண்டும், வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடலாம். தண்ணீரும் தொப்பியும் மறக்க வேண்டாம்.

அம்மாவையோ அப்பாவையோ அழைத்துவரும் பிள்ளைகளுக்கு ஒன்று: கேட் வரைக்கும் வந்தால் போதும், உள்ளே தனியாக விடுங்கள், "எங்கே இருக்கே, சரியா இருக்கியா" என்று பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை போன் பண்ணாதீர்கள். முடிந்ததும் அவர்களே கூப்பிடுவார்கள்.