கழக வீடு, பூர்வீக வீடு, புது மனை: எதற்கு எத்தனை கையெழுத்து?

கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களில் பேச்சு மூன்று பக்கம் போகும். ஈசூனிலோ உட்லண்ட்ஸிலோ ஒரு மறுவிற்பனைக் கழக வீடு, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டிய வீடு. ஊரில் பெரியப்பா வகையறா விற்க நினைக்கும் பூர்வீக வீடு. இல்லையென்றால் திருச்சிப் பக்கம் அங்கீகாரம் பெற்ற ஒரு மனை. விலை, வாடகை, வட்டி எல்லாம் ஒப்பிட ஆட்கள் நிறைய உண்டு. நான் பார்க்கப்போவது ஒன்றைத்தான்: விற்பவருக்கு விற்கும் உரிமை உண்டா, நாளைக்கு "எனக்கும் இதில் பங்கு இருக்கு" என்று யார் யார் வரலாம்.

கழக வீட்டில் இந்த வேலை சுலபம். இங்கே நில உரிமை டாரன்ஸ் முறையில் இருக்கிறது. அதாவது அரசுப் பதிவேட்டில் யார் பெயரோ அவரே உரிமையாளர். சிங்கப்பூர் நில ஆணையத்தின் இணையத்தளத்தில் சில வெள்ளி கட்டினால் உரிமையாளர் பெயர், வங்கி அடமானம், மத்திய சேமநிதிக் கழகத்தின் பிடிப்பு, வேறு யாராவது உரிமை கோரிப் போட்டிருக்கும் எச்சரிக்கைப் பதிவு (கேவியட்) எல்லாம் தெரிந்துவிடும். வீட்டை நமக்காக ஒதுக்கிவைக்க ஆயிரம் வெள்ளிக்குள் ஆப்ஷன் பணம் கொடுத்தால் முடிவெடுக்க 21 நாள். வழக்கறிஞர் தேடிப் பார்க்க அது தாராளம். "தவணை கட்டினது நான், அண்ணன் பேர் சும்மா பேருக்கு" என்ற பேச்சும் கழக வீட்டில் அவ்வளவாக எடுபடாது. வீவக அனுமதி இல்லாமல் அதன் மேல், ஒருவர் பெயரில் வைத்து இன்னொருவருக்குப் பலன் போகும் எந்த டிரஸ்ட் ஏற்பாடும் செல்லாது என்று சட்டமே சொல்கிறது. குடியிருப்பவராகப் பெயர் இருந்தால் மட்டும் உரிமை வந்துவிடாது.

இங்கேயும் மாட்டிக்கொள்ளும் இடங்கள் உண்டு. கணவன் மனைவி கூட்டுரிமையில் வைத்திருந்து ஒருவர் இறந்தால் வீடு மற்றவருக்குத் தானாகப் போகும். தனித்தனிப் பங்காக வைத்திருந்தால் இறந்தவரின் பங்குக்கு நீதிமன்ற ஆணை வேண்டும். உரிமையாளரான தாயாருக்கு ஞாபக மறதி நோய் வந்து, முன்கூட்டியே நீடித்த அதிகாரப் பத்திரம் எழுதி வைக்கவில்லையா? பிள்ளைகள் நீதிமன்றம் போய்த்தான் ஆக வேண்டும். வீடு நல்ல வீடாக இருந்தாலும் மாதக்கணக்கில் இழுக்கும்.

சரி, ஊருக்கு வருவோம். சிக்கலெல்லாம் அங்கேதான்.

தமிழ்நாட்டில் சார்பதிவாளர் அலுவலகம் பத்திரத்தைப் பதிவுசெய்யும். உரிமைக்கு உத்தரவாதம் தராது. விற்பவரின் உரிமையை ஆராய்வது சார்பதிவாளரின் வேலை அல்ல என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. ஆனால் நம் ஆட்கள் "வில்லங்கம் போட்டுப் பார்த்தாச்சு, சுத்தமா இருக்கு" என்றதும் முன்பணத்தை அனுப்பிவிடுகிறார்கள். பதிவான பத்திரங்களைக் காட்டும் வில்லங்கச் சான்று பூர்வீக வீட்டுக்கு முப்பது வருடத்துக்கு வெறுமையாக வந்தால் எனக்குச் சந்தேகம்தான் கூடும். முப்பது வருடமாக எதுவும் பதிவாகவில்லை என்றால் பாகப்பிரிவினையும் நடக்கவில்லை, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமும் எழுதப்படவில்லை. இடையில் இறந்தவர்களின் பங்கு ஓசையில்லாமல் வாரிசுகளுக்குப் போயிருக்கும். வில்லங்கச் சான்றில் அது வரவே வராது. வருவாய்த் துறைப் பதிவான பட்டா ஒரு சித்தப்பா பெயரில் இருப்பதும் பெரிய ஆதாரமில்லை. ஊரிலேயே இருந்து தீர்வை கட்டியவர் பெயர் ஏறியிருக்கும், அவ்வளவுதான்.

ஓர் இந்துக் குடும்பத்தை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தாத்தா சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய வீடு. உயில் எழுதாமல் 1994இல் இறந்தார். பாட்டி, மூன்று மகன்கள், இரண்டு மகள்கள்: ஆறு சம பங்கு. பிறகு ஒரு மகன் இறந்தார். அவர் மனைவியும் பள்ளியில் படிக்கும் ஒரு பிள்ளையும் இருக்கிறார்கள், அந்தப் பங்கில் பாட்டிக்கும் உரிமை உண்டு. ஒரு மகளும் இறந்தார். அவர் கணவரும் இரண்டு பிள்ளைகளும் வாரிசுகள். இப்போது கையெழுத்து ஒன்பது. அதில் ஒன்று சிறுவருடையது. நீதிமன்ற அனுமதி இல்லாமல் அந்தப் பங்கை விற்றால், அவர் மேஜரானபின் மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட்டு விற்பனையை ரத்துசெய்ய முடியும்.

"அத்தைக்குச் சீர் செய்தாச்சு, அதோட முடிஞ்சது" என்பது ஊர்ப்பேச்சு. சட்டத்தில் அப்படி முடியாது. தகப்பனார் சுயமாகச் சம்பாதித்து, உயில் எழுதாமல் விட்டுப்போன சொத்தில் 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்திலிருந்தே மகளுக்குச் சம பங்கு. 1989க்கு முன் கல்யாணமான பெண்ணுக்குப் பங்கில்லை என்ற பேச்சு கூட்டுக்குடும்பச் சொத்தைப் பற்றியது. அதையும் 2005 திருத்தமும் 2020இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் மாற்றிவிட்டன. 2004 டிசம்பர் 20க்கு முன் பதிவான பாகப்பிரிவினையை அந்தத் திருத்தம் தொடாது. எனவே, இறந்த ஒவ்வொருவருக்கும் வாரிசுச் சான்றிதழ் கேளுங்கள். பங்கு வேண்டாம் என்கிறவரிடம் பதிவுசெய்த விடுதலைப் பத்திரம் கேளுங்கள். வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தது உதவாது. செய்தித்தாளில் பொது அறிவிப்புப் போட்டால் ஒளிந்திருக்கும் பங்காளி வெளியே வர வாய்ப்புண்டு, ஆனால் வராதவரின் பங்கு அதனால் போய்விடாது.

மனை இந்த இரண்டுக்கும் நடுவில். விற்பவர் ஒரே நிறுவனம் என்பதால் கையெழுத்தும் ஒன்றுதான் என்று தோன்றும். அந்த நிறுவனம் யாரோ ஒரு குடும்பத்திடம்தானே நிலத்தை வாங்கியிருக்கும்? மேலே சொன்ன ஒன்பது பேர் கணக்கு அங்கே ஒளிந்திருக்கலாம். தாய்ப்பத்திரத்திலிருந்து வரிசையாகப் பாருங்கள். இடையில் வெறும் பவர் பத்திரத்தை வைத்துக் கைமாறியிருந்தால் நின்று கேளுங்கள்; பவரை வைத்து மட்டும் உரிமை மாறாது என்று 2011லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. டெல்டா பக்கம் கோயில் நிலமா, வேறு இடங்களில் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு அரசு ஒதுக்கிய பஞ்சமி நிலமா என்றும் வருவாய்ப் பதிவேட்டில் பார்த்துவிட வேண்டும். மனைத் திட்டங்களை ஒழுங்குபடுத்தும் ரெரா அமைப்பின் பதிவு எண் இருப்பதும் உரிமைக்குச் சான்று ஆகாது. ஆனால் ஒரு பலன் உண்டு: நில உரிமையில் குறை வந்து நஷ்டமானால் நிறுவனம் ஈடு தர வேண்டும், அதற்குக் காலவரம்பும் கிடையாது. பெரியப்பாவிடம் அப்படிக் கேட்க முடியுமா!

என்னைக் கேட்டால், பங்கு பிரிக்காத பூர்வீக வீட்டுக்குக் கடைசி இடம், விலை எவ்வளவு இறங்கினாலும். பாகப்பிரிவினை முறையாகப் பதிவாகி, விற்பவர் பங்காக அந்த வீடு தனியே வந்திருந்தால் மனையைவிட அதைத்தான் எடுப்பேன். யார் எங்கே இருக்கிறார்கள் என்று குடும்பத்துக்கே தெரியும். நிறுவனத்துக்கு விற்ற அந்நியக் குடும்பத்தை நாம் எங்கே போய்த் தேடுவது?

இங்குள்ளவர்களுக்கு இன்னும் சில சங்கதிகள். சிங்கப்பூர்க் குடியுரிமை எடுத்தவர், இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டை இருந்தால் ஊரில் வீடு, மனை வாங்கலாம். விவசாய நிலமும் தோப்பும் வாங்கக் கூடாது. அதற்காக மச்சான் பெயரில் வயல் வாங்கினால் அது பினாமி, மச்சான் மனம் மாறினால் வழக்குப் போடவும் வழியில்லை. நேரில் போக முடியாமல் இங்கிருந்து பவர் அனுப்பினால், அது இந்தியாவுக்குள் போன மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்ட வேண்டும். கழக வீட்டில் குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் இன்னும் முடியவில்லையா? அதுவரை ஊரிலும் வீடு வாங்க முடியாது, வெளிநாட்டுக் குடியிருப்புச் சொத்துக்கும் அந்த விதி பொருந்தும்.