சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்: நேரடிப் பயணமா, ஃபிராங்க்பர்ட் வழியா?

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்கும் நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி நிலையத்துக்கும் இடையே நேர்வான் தொலைவு ஏறக்குறைய 15,350 கிலோமீட்டர். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் நேரடி விமானம் இதைச் சுமார் 18 முதல் 19 மணி நேரத்தில் கடக்கிறது. மிகக் குறுகிய பாதை வடதுருவத்தின் அருகே செல்வதாயினும், கிழக்கு நோக்கி வீசும் உயர்வானப் பெருங்காற்றின் உந்துதலைப் பெறுவதற்காக, தொலைவு கூடினாலும் பசிபிக் பெருங்கடலின் மேலாகச் செல்லும் பாதையே பெரும்பாலும் தேர்ந்தெடுக்கப்படுகிறது.

ஃபிராங்க்பர்ட் வழியாகச் சென்றால் மொத்தத் தொலைவு ஏறத்தாழ 16,500 கிலோமீட்டராகிறது. இடைநிறுத்தத்தையும் சேர்த்து ஒரு முழு நாள் கழிந்துவிடும். ஆயினும் நடுவழியில் இறங்கிக் கால்களை நீட்டி நடக்க முடிகிறது. நீண்டநேரம் அமர்ந்தால் கால் வீங்குபவர்களுக்கு இது சிறு நன்மையன்று.

தீர்மானிப்பது பெரும்பாலும் பணமே; நேரடி விமானத்தில் மலிவான இருக்கை கிடையாது. நேரடிப் பயணத்துக்கான ஏர்பஸ் ஏ350-900 நெடுந்தூர வகையில் 161 இருக்கைகளே உள்ளன: 67 வணிக வகுப்பு, 94 உயர்தரச் சிக்கன வகுப்பு. சாதாரணச் சிக்கன வகுப்பே இல்லை. எரிபொருளின் எடைக்கு ஈடாகப் பயணிகளைக் குறைக்க வேண்டியிருப்பதே காரணம். முன்பு நியூயார்க்கை அடுத்துள்ள நியூவர்க் நகருக்கு நான்கு எஞ்சின் விமானத்தில் நடந்த நேரடிச் சேவை 2013-இல் நின்று, இந்த ஏ350 நெடுந்தூர வகை விமானம் வந்தபின் 2018-இல்தான் மீண்டது.

குழந்தைகளோடு செல்லும் குடும்பத்துக்கு ஃபிராங்க்பர்ட் வழியையே நான் பரிந்துரைப்பேன். மறுநாள் காலையில் கூட்டத்தில் அமர வேண்டியவருக்கு நேரடி விமானமே பொருந்தும்.